‘முடியாது’ என்றால் முடியாதுதான்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய ஃபைல் சிஸ்டத்தில் கோப்பின் பண்புகளைக் கையாளும் பகுதியை மட்டும் வாசித்தேன். மற்றதைத் திறக்கவில்லை. டைரக்டரி, பிளாக் ஒதுக்கீடு பற்றியெல்லாம் சொல்ல உனக்கு வேறு ஆட்கள் கிடைப்பார்கள். ஒருவனுக்குக் கெர்னல் கைவந்திருக்கிறதா என்று பார்க்க, பண்புகளை மாற்ற அவன் எழுதிய செட்ஆட்டர் எனக்குப் போதும். அளவில் சின்ன ஃபங்ஷன்தான். ஆனால் அனுமதி, பூட்டு, நேரம், க்வோட்டா, பேஜ் கேஷ், ஜர்னல் என்று அத்தனையும் அங்கே வந்துதான் ஒன்றோடொன்று மோதும்.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப் போவதில்லை. இரண்டு விஷயங்கள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வரிசை. செட்ஆட்டர் ப்ரிப்பேரை அழைத்து அனுமதி கேட்கிறாய். சரி. அடுத்த வரியிலேயே செட்ஆட்டர் காப்பி. அதற்கும் அடுத்த வரியில் மார்க் ஐநோட் டர்ட்டி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஜர்னலைத் திறந்து, ‘இடம் இருக்கிறதா’ என்று கேட்கிறாய். இல்லையென்றால் ஈநோஸ்பிசியைத் திருப்பி அனுப்புகிறாய். பத்திரம் பதிவாகும் முன்பே பட்டாவில் பெயரை மாற்றுவார்களா, தம்பி?

இந்த வரிசையை இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று நிதானமாகப் பார். சிஎச்மாட் செய்தவருக்குத் தோல்வி என்று பதில் போய்விட்டது. நினைவகத்தில் இருக்கும் ஐநோடிலோ புதிய அனுமதி உட்கார்ந்துவிட்டது. எல்எஸ் போட்டால் புதியதுதான் தெரியும். ஐநோடை அழுக்கு என்று வேறு குறித்துவிட்டாய். ரைட்பேக் வேலை இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும்; 30 விநாடி தாண்டிய அழுக்கையெல்லாம் வட்டுக்கு அனுப்பும். அதற்குள் ஜர்னலில் இடம் காலியாகியிருந்தால், நீ ‘முடியாது’ என்று சொன்ன அதே மாற்றம் சத்தமில்லாமல் வட்டில் போய் உட்காரும். காலியாகாமல் மின்சாரம் போனால் பழைய அனுமதி திரும்பி வரும். எது நடக்கும் என்பதை அந்த நேரத்து அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறது. கேட்டவருக்குச் சொன்ன பதிலுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

இது உனக்கே தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். தெரிந்ததால்தானே, ஃபங்ஷனின் தலையில் பழைய மோட், யூஐடி, ஜிஐடி, நேரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஜர்னல் கைவிரித்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுகிறாய்? ‘அன்டூ’ என்று லேபிள் வேறு. தப்பைத் திருத்தாமல் மேலே பூசி மெழுகியிருக்கிறாய்.

‘செட்ஆட்டர் முழுக்க ஐநோடின் பூட்டு என் கையில் இருக்கிறதே, இடையில் யார் பார்க்கப்போகிறார்கள்?’ என்று நீ கேட்கலாம். பூட்டு உன்னிடம்தான் இருக்கிறது. 2016-இல் லினக்ஸ் 4.7 பதிப்பில் மியூடெக்ஸாக இருந்ததை ரீடர்-ரைட்டர் செமஃபோராக மாற்றினார்கள். செட்ஆட்டருக்கு அது எழுதுபவரின் முழுப் பூட்டாகவே நீடிக்கிறது. ஆனால் பண்புகளைப் படிக்கும் கெட்ஆட்டர் அந்தப் பூட்டை எடுப்பதே இல்லை. அதைவிட முக்கியம், கோப்பைத் திறக்கும்போது அனுமதி பார்க்கிறதே, அந்தச் சோதனையும் எடுப்பதில்லை. ஐநோடில் இருக்கும் மோடை நேராகப் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது இதை யோசி. சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம் என்று 0600-இல் இருக்கும் ஒரு கோப்பு. அவர் அதை 0644 ஆக்கப் பார்க்கிறார். நீ நினைவகத்தில் 0644 எழுதுகிறாய். ஜர்னலில் இடம் வருமா என்று காத்திருக்கிறாய்; சில மில்லி விநாடிகள், வட்டு மெதுவானதென்றால் அதற்கும் மேல். அந்த இடைவெளியில் வேறொரு புராசஸ் வந்து கோப்பைத் திறக்கிறது. 0644 தானே, திறந்துவிடும். பிறகு ஜர்னல் கைவிரிக்கிறது, நீ 0600-க்குத் திரும்புகிறாய், சொந்தக்காரருக்குப் பிழை போகிறது. கோப்பு இன்னும் தன்னுடையது மட்டும்தான் என்று அவர் நம்புகிறார். திறந்தவரிடமோ டிஸ்கிரிப்டர் இருக்கிறது. திறக்கும்போது ஒருமுறை பார்த்த அனுமதியை ஒவ்வொரு ரீடுக்கும் யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அவர் நாளெல்லாம் படிக்கலாம். உன் அன்டூ எதைத் திரும்ப வாங்கியது?

மற்றவர் கண்ணில் பட்ட மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே தோற்கக்கூடிய எல்லாவற்றையும் முதலில் முடித்துக்கொள்: அனுமதி, அளவு வரம்பு, ஜர்னலில் இடம், க்வோட்டா. கடைசிக் கேள்விக்கும் ‘சரி’ என்று பதில் வந்த பிறகு ஐநோடைத் தொடு. தொட்ட பிறகு தோற்கக்கூடிய வரி ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஈஎக்ஸ்டி4-இல் சிஎச்ஓன் நடக்கிற இடத்தைத் திறந்து பார். ஜர்னல் ஹேண்டிலை முதலில் வாங்கும். பழைய சொந்தக்காரர் கணக்கிலிருந்து புதியவர் கணக்குக்கு க்வோட்டாவை மாற்றும். அதில் பிழை வந்தால் ஹேண்டிலை மூடிவிட்டு அப்படியே திரும்பிவிடும். இரண்டும் தேறினால்தான் யூஐடி மாறும், அதுவும் அந்த ஹேண்டில் திறந்திருக்கும்போதே. அங்கே அன்டூ என்று எதுவும் இல்லை. தேவைப்படவில்லை.

பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சிவிஇ-2015-1350 பற்றிப் படித்திருப்பாயா தெரியாது. கோப்பின் சொந்தக்காரர் மாறினால் அதிலுள்ள செட்யூஐடி பிட்டையும் கேப்பபிலிட்டியையும் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் கேப்பபிலிட்டியைக் கழற்றும் வேலை அனுமதிச் சோதனைக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. சாதாரண பயனர் ஒருவர் பிங் நிரலின் மேல் சிஎச்ஓன் போடுவார். உனக்கு உரிமையில்லை என்று கெர்னல் சரியாகவே மறுத்துவிடும். மறுத்த கையோடு பிங்கின் கேப்பபிலிட்டி போயிருக்கும். அதன்பின் அந்த இயந்திரத்தில் ரூட் அல்லாத யாருக்கும் பிங் ஓடாது. உரிமையே இல்லாதவர், தோற்றுப்போன ஒரு கட்டளையால், எல்லோருடைய கருவியையும் உடைத்துவிட்டார். 2016-இன் இறுதியில் வந்த 4.9 பதிப்பில்தான் இது சரியானது. ஐநோட் சேஞ்ச் ஓகே என்று இருந்த ஃபங்ஷன் செட்ஆட்டர் ப்ரிப்பேர் ஆனதும், ஐநோடுக்குப் பதில் டென்ட்ரியை வாங்கத் தொடங்கியதும் அந்தத் திருத்தத்தின் பகுதிதான். சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு, அந்த ஃபங்ஷனின் கடைசியில்தான் இப்போது கேப்பபிலிட்டி கழல்கிறது. எத்தனையோ பேர் கண்ணுக்கு முன்னால், ஆண்டுக்கணக்காக, இரண்டு வேலைகளின் வரிசை மாறிக் கிடந்தது. அவ்வளவுதான் பிழை.

இந்த வரிசை எனக்கு எங்கே பிடிபட்டது என்று சொல்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் எழுதிய யூனிக்ஸ் 6-ஆம் பதிப்பின் உரை, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து பாதி அழிந்த நிலையில் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. அது முறையாக நூலாக வெளிவந்தது 1996-இல்தான். அதில் சிஎச்மாட் ஒரு கைப்பிடி அளவு. ஓனர் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்கும், இல்லையென்றால் திரும்பிவிடும். பிறகு கீழ் 12 பிட்டுகளை அழிக்கும், ரூட் அல்லாதவர் என்றால் ஸ்டிக்கி பிட்டை மட்டும் நீக்கிவிட்டு, கொடுத்ததை எழுதும், ஐநோடை மாறியதாகக் குறிக்கும், விட்டுவிடும். கேட்பது முழுக்க மேலே, மாற்றுவது முழுக்கக் கீழே. அதைப் படித்த அன்று அது எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. எத்தனையோ பேருடைய செட்ஆட்டரைப் படித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

அதே நூலில் ஸ்டாட் எனக்கு இன்னும் பிடிக்கும். ஸ்டாட் கேட்டால், முதலில் நினைவகத்து ஐநோடை வட்டுக்கு எழுதும். பிறகு அந்த வட்டு பிளாக்கைப் படிக்கும். ஒரு பிளாக்குக்கு 16 ஐநோட், ஒவ்வொன்றும் 32 பைட், அதில் உரியதைக் கணக்குப் போட்டுப் பிடித்து, 24-ஆவது பைட்டிலிருந்து நேரங்களை எடுத்து உன்னிடம் கொடுக்கும். ஏன் இந்தச் சுற்று? நினைவகத்து ஐநோடில் நேரங்களுக்கு இடமே ஒதுக்கவில்லை. நினைவகம் அவ்வளவு அரிதாக இருந்த காலம். நேரம் வட்டில் மட்டும்தான் வாழ்ந்தது. மொத்தமே இரண்டு நேரங்கள்: ஏடைம், எம்டைம். சிஎச்மாட் செய்தாலும் எம்டைம்தான் நகரும். உள்ளே எழுதியது மாறியதா, மேலே உரிமை மாறியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 1979-இல் 7-ஆம் பதிப்பு வந்து சிடைம் சேர்த்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

சிடைம் என்றதும் உன் இரண்டாவது தப்புக்கு வந்துவிட்டேன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன்.

பயனர் எம்டைமையும் ஏடைமையும் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். சிடைமை வைக்க முடியாது. வைக்க சிஸ்டம் கால் கிடையாது, ரூட்டுக்கும் கிடையாது. கோப்பைப் பற்றிப் பொய் சொல்லாத ஒரே நேரம் அதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், உரிமை மட்டும் மாறினால் சிடைமை நகர்த்த வேண்டாம், எழுதும் வேலை மிச்சம் என்று முடிவெடுத்தார்கள். வேண்டாம் என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. தினசரி பேக்கப் சிடைமைப் பார்த்து மாறியதை மட்டும் எடுக்கிற வகை. ஊழியர் சம்பளக் கோப்புகளை எல்லோரும் படிக்கும்படி யாரோ விட்டிருந்ததைக் கண்டுபிடித்து உரிமையைச் சுருக்கினார்கள். சிடைம் அசையவில்லை, பேக்கப்புக்கும் தெரியவில்லை. வட்டு பழுதாகி பேக்கப்பிலிருந்து மீட்டபோது பழைய திறந்த உரிமையோடு எல்லாம் திரும்பி வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிடைமில் கைவைக்கும் யாரைப் பார்த்தாலும் அது கிளம்பிவிடும்.

நீ சிடைமை நகர்த்தாமல் விடவில்லை, உண்மை. ஆனால் விஎஃப்எஸ் உன் கையில் கொடுத்த நேரத்தை ஒதுக்கிவிட்டு, நீயே கடிகாரத்தைப் போய்ப் பார்க்கிறாய். நானோ விநாடி வரை துல்லியமான கடிகாரம். ‘துல்லியம் நல்லதுதானே’ என்று ஒரு கமென்ட்டும் போட்டிருக்கிறாய்.

நல்லதில்லை. விஎஃப்எஸ்ஸின் நோட்டிஃபை சேஞ்ச் உன்னை அழைக்கும் முன்பே நேரத்தை எடுத்து ஐஆட்டருக்குள் வைத்திருக்கிறது. அது எடுப்பது துடிப்புக்கு ஒருமுறை நகரும் மெதுவான கடிகாரம்; ஹெச்இசட் 250 என்றால் 4 மில்லி விநாடிக்கு ஒரு நகர்வு. உன் ஃபைல் சிஸ்டத்தில் ரைட் நடக்கும்போதும் அதே மெதுவான கடிகாரம்தான். செட்ஆட்டரில் மட்டும் நீ வேகமான கடிகாரத்தைப் பார்க்கிறாய். ஒரு துடிப்பு தொடங்கி 3 மில்லி விநாடியில் ‘அ’ என்ற கோப்பின் பண்பை மாற்றுகிறாய். அதன் நேரம் 3 மில்லி. அரை மில்லி கழித்து ‘ஆ’ என்ற கோப்பில் யாரோ எழுதுகிறார்கள். அதற்குக் கிடைப்பது துடிப்பு தொடங்கிய நேரம், அதாவது 0. பின்னால் மாறியது முன்னால் மாறியதாகப் பதிவாகிவிட்டது. நீ எம்டைமுக்கும் இதையே செய்திருக்கிறாய். அதை நம்பித்தான் மேக் எதைத் தொகுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறது.

இது கற்பனை இல்லை. பல நுணுக்கங்களில் நேரம் வைக்கும் முறையை 2023-இல் 6.6 பதிப்பில் சேர்த்தார்கள். இதே போல நேரங்கள் முன்பின்னாகத் தெரிந்ததால் பதிப்பு வெளியாகும் முன்பே திரும்ப எடுத்துவிட்டார்கள். வேகமான நேரம் ஒன்று வழங்கப்பட்டுவிட்டால், அதற்குப் பின் வரும் மெதுவான நேரம் எதுவும் அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஒரு தரை போட்டு, 6.13-இல்தான் அது திரும்ப வந்தது. அதன் அடிப்படை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கெட்ஆட்டர் வழியாக யாராவது நேரத்தைப் படித்தால் ஐநோடில் ஓர் அடையாளம் விழும், அடுத்த மாற்றத்துக்கு மட்டும் வேகமான கடிகாரம். யாரும் பார்க்காத கோப்புக்கு அந்தச் செலவு கிடையாது. என்எஃப்எஸ் கிளையன்ட் ஒரே துடிப்புக்குள் நடந்த இரண்டு மாற்றங்களைப் பிரித்தறிய இது போதும். இவ்வளவு யோசித்துக் கட்டிய ஒழுங்கை, உன் ஒற்றை வரி சுற்றிக்கொண்டு போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உன் வட்டு வடிவத்தில் நேரத்துக்கு விநாடி மட்டும்தான் இடம். விஎஃப்எஸ் கொடுக்கும் நேரம் சூப்பர்பிளாக்கில் சொன்ன நுணுக்கத்துக்கு வெட்டப்பட்டே வரும். நீ எடுத்த நேரத்தை யாரும் வெட்டவில்லை. நினைவகத்தில் இருக்கும் வரை நானோ விநாடி தெரியும். ஐநோட் கேஷிலிருந்து வெளியேறி வட்டிலிருந்து மறுபடி வந்தால் விநாடியோடு நின்றுவிடும். கோப்பை யாரும் தொடவில்லை, நேரம் மட்டும் பின்னால் போகிறது. நேரத்தை ஒப்பிட்டு வேலை செய்யும் எந்த நிரலும் இதில் தடுமாறும். அந்த வரியை அழித்துவிடு. அதற்குப் பதிலாக எதுவும் எழுத வேண்டாம். செட்ஆட்டர் காப்பி பார்த்துக்கொள்ளும்.

திட்டி முடித்தேன். இனி சொல்வதையும் அதே கவனத்தோடு படி.

உன் கெட்ஆட்டரைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அவ்வளவு சந்தோஷம். கோப்பின் அளவை ஐநோடிலிருந்து நேராக உருவாமல் ஐ சைஸ் ரீட் வழியாக எடுத்திருக்கிறாய். உன் ஃபைல் சிஸ்டம் 32 பிட் ஏஆர்எம் பலகையில் ஓட வேண்டியது. அங்கே 64 பிட் அளவை ஒரே மூச்சில் படிக்க முடியாது. வீடியோ பதிவு ஒன்று 4 ஜிபியைத் தாண்டும் அந்த நொடியில், மேல் பாதி பழையதும் கீழ் பாதி புதியதுமாகப் படித்தால் கோப்பின் அளவு 0 என்று வரும். மாற்றிப் படித்தால் 8 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக வரும். இதை அனுபவப்பட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். நீ முதல் முறையிலேயே எழுதியிருக்கிறாய்.

வட்டில் இன்னும் இடம் ஒதுக்காமல் காத்திருக்கும் பிளாக்குகளையும் கணக்கில் கூட்டிச் சொல்கிறாய். அது இல்லாவிட்டால், இப்போதுதான் எழுதிய கோப்பு முழுக்க வெற்றிடம் என்று டார் நினைத்துக்கொள்ளும். ஐநோடில் இருக்கும் எண்ணிக்கையைத் தொடாமல், பதிலில் மட்டும் கூட்டியிருக்கிறாய் பார், அங்கேதான் நான் உன்னை நிமிர்ந்து பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த பிடைம். உன் வடிவத்தின் பழைய பதிப்பில் கோப்பு பிறந்த நேரம் வட்டில் இல்லை. பலரும் அங்கே சிடைமையோ எம்டைமையோ எடுத்துப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். நீ ரிசல்ட் மாஸ்க்கில் அந்த பிட்டை ஏற்றாமல் விட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று கெர்னல் பயனரிடம் நேர்மையாகச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்பதற்காகவும்தான் டேவிட் ஹாவெல்ஸ் 2010-இலிருந்து முயன்று, 2017-இல் 4.11 பதிப்பில் ஸ்டாட்எக்ஸைக் கொண்டுவந்தார். பழைய ஸ்டாட்டில் அந்த வழி இல்லை. எல்லாக் கட்டத்தையும் ஏதாவது ஒரு எண்ணால் நிரப்பியே ஆக வேண்டும். அந்த பிட் எதற்காக இருக்கிறது என்று புரிந்து, அதை வெறுமையாக விட்டவன் நீ. படிப்பதில் இவ்வளவு நேர்மையாக இருப்பவன் எழுதுவதில் அப்படி ஒரு வரிசையை எப்படி வைத்தாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

திருத்துவதற்கு முன் ஒரு சோதனை எழுது. ஜர்னலைச் சின்னதாக வைத்து மவுண்ட் செய்து, அதை நிரப்பு. ஒரு புராசஸ் 0600 கோப்பை 0644 ஆக்க முயன்று தோற்றுக்கொண்டே இருக்கட்டும். வேறு யூஐடியில் இன்னொரு புராசஸ் அதே கோப்பைத் திறக்க முயன்றுகொண்டே இருக்கட்டும். ஒருமுறை திறந்துவிட்டாலும் சோதனை தோல்வி. கூடவே, ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு ஸ்டாட் எடுத்து வை. சிங்க் செய்து, ட்ராப் கேஷஸில் 2 எழுதி ஐநோடை வெளியேற்றிவிட்டு மறுபடி ஸ்டாட் எடு. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இப்போதுள்ள நிரலின் மேல் முதலில் இதை ஓட்டிப் பார். தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருத்து.

ட்ரங்கேட் பகுதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்காதே. செட்ஆட்டர் காப்பி அளவைத் தொடாது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ட்ரங்கேட் செட்சைஸை பிளாக்குகளை விடுவிக்கும் முன்பே அழைத்திருக்கிறாய். பாதியில் மின்சாரம் போனால் மிச்சத்தை அடுத்த மவுண்ட்டில் யார் முடிப்பது என்பதற்குத்தான் உன்னிடம் பதில் இல்லை. ஈஎக்ஸ்டி4-இன் ஆர்ஃபன் பட்டியலைப் படி. முதலில் சொன்ன வரிசையையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டு அனுப்பு, அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்